முந்நூறு ஆண்டுச் சேமிப்பு

அமெரிக்கப் பத்திரிகையாளர் ஃபிராங்க் ஹெர்பர்ட் எழுதிய 'டியூன்' நாவல் 1965-இல் நூலாக வெளிவந்தது. ஓரிகன் கடற்கரையில் நகரும் மணற்குன்றுகளைப் புல் வளர்த்து நிலைநிறுத்தும் பணியைப் பற்றிக் கட்டுரை எழுதச் சென்றபோது அவருக்குள் விழுந்த விதை அது. அறிவியல் புனைகதை என்று பெயர்பெற்ற அந்நூலைப் பொருளியல் பயிற்றுவித்த நான் பொருளியல் நூலாகவும் வாசிக்கிறேன்.

உயிர்காக்கும் நீர் மலிவாகவும், பயன் குறைந்த வைரம் விலைமிக்கதாகவும் இருப்பதை ஆடம் ஸ்மித் 1776-இல் சுட்டிக்காட்டினார். ஒரு பொருள் எவ்வளவு அரிதோ அவ்வளவுக்கு அதன் கடைசித் துளியின் மதிப்பு உயரும் என்பதே பின்வந்தோர் கண்ட விடை. நாவலின் அராக்கிஸ் என்னும் பாலைவனக் கோள் இதற்குச் சிறந்த விளக்கம். அங்கே ஒருவர் முன் உமிழ்வது, உடலின் ஈரத்தைக் கொடையளிக்கும் மரியாதை. இறந்தவரின் உடல்நீர் குலத்தின் சொத்து. நீரின் அளவைக் குறிக்கும் உலோக வளையங்கள் ஏறத்தாழ நாணயங்களாகவே விளங்குகின்றன.

அக்கோளில் மட்டுமே கிடைக்கும் மெலாஞ்ச் என்ற நறுமணப் பொருள் இன்றி விண்மீன்களுக்கிடையே போக்குவரத்து இல்லை. அதன் வருவாயோ பேரரசருக்கும் பிரபுக்களுக்கும் செல்கிறது. மண்ணின் மக்களான ஃப்ரெமென்கள் மறைந்து வாழ்கிறார்கள். எண்ணெய் வளமுள்ள நாடுகள் 1960-இல் பாக்தாதில் கூடி ஓபெக் அமைப்பைத் தோற்றுவித்ததன் காரணத்தை இதைப் படிப்போர் எளிதில் உணர்வர்.

என்னை மிகவும் சிந்திக்க வைத்தது வேறொன்று. கோளைப் பசுமையாக்க 300 முதல் 500 ஆண்டுகள் ஆகும் என்று அறிவியலாளர் ஒருவர் கணித்துச் சொல்கிறார். அதை அறிந்தே ஃப்ரெமென்கள் துளித்துளியாக நீரைச் சேமிக்கிறார்கள். எதிர்காலப் பயனை ஆண்டுக்கு 5 விழுக்காடு கழித்து மதிப்பிட்டால், 300 ஆண்டுகளுக்குப் பின் வரும் 20 லட்சம் ரூபாயின் இன்றைய மதிப்பு ஒரு ரூபாய்கூட இல்லை. அக்கணக்கின்படி அவர்களின் சேமிப்பு வீண். பருவநிலை மாற்றம் குறித்த தமது 2006-ஆம் ஆண்டு அறிக்கையில் நிக்கோலஸ் ஸ்டெர்ன் மிகக் குறைந்த கழிவு வீதத்தைக் கையாண்டதும், வில்லியம் நோர்டாவ்ஸ் அதை மறுத்ததும் இதே வினாவை ஒட்டித்தான். பிறவாத தலைமுறைக்கு என்ன மதிப்பளிப்பது என்பதைக் கணிதம் தீர்மானிப்பதில்லை, நாம்தான் தீர்மானிக்கிறோம்.

நாவலில் அந்தப் பொறுமையைக் குலைப்பவர் ஒரு மீட்பர். தலைமுறைகளின் உழைப்பில் விளைய வேண்டியதை அவர் தம் காலத்திலேயே தருவதாக வாக்களிக்கிறார். மக்கள் அவர் பின்னே போருக்குச் செல்கிறார்கள். நீண்டகாலத் திட்டங்களைப் பொறுமையின்றிப் பார்க்கும் எந்தச் சமூகமும் இப்பகுதியை இருமுறை படிக்கலாம்.