லிங்கன் வழக்கில் நிலா சொன்ன சாட்சி

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சின்னச் சின்ன ஊர்களில்கூட ஒரு கல்லோ செம்புத் தகடோ நிற்கும். லிங்கன் இங்கே பேசினார், இந்த விடுதியில் தங்கினார், இந்த வீட்டில் சாப்பிட்டார் என்று அதில் எழுதியிருக்கும். 1858-ல் செனட் பதவிக்காக ஸ்டீபன் டக்ளஸை எதிர்த்து நின்றபோது, கோடை தொடங்கி நவம்பர் வரை ஆபிரகாம் லிங்கன் அந்த மாநிலத்தைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்தார். ரயில், குதிரை வண்டி, ஆற்றுப் படகு என எல்லாவற்றையும் சேர்த்தால் பயணம் 4,000 மைலைத் தாண்டும். அந்தத் தேர்தலில் அவருக்குத் தோல்விதான். இரண்டே ஆண்டில் நாட்டின் அதிபரானார். 1865-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகுதான் ஒவ்வோர் ஊரும் தன் நினைவுகளைத் தூசி தட்டி எடுத்தது.

சிக்கலும் அங்கேதான். ஒருவர் பெரிய மனிதரான பிறகு, அவர் சாதாரண ஆளாக இருந்த நாள்களை நினைவுகூர்வது சுலபமான காரியம் இல்லை. அந்தக் காலப் பத்திரிகைகளைப் புரட்டிப் பார்க்கலாமே என்றால், அவையும் கட்சி கட்டிக்கொண்டு எழுதியவை. சிகாகோவில் ஒரு பத்திரிகை லிங்கனின் பேச்சைச் செம்மைப்படுத்தி அச்சிடும், இன்னொன்று டக்ளஸின் பேச்சை. யாரை நம்புவது? எந்தக் கட்சியிலும் சேராத சாட்சி ஒன்று உண்டு. அது வானம். நிலா எந்த இரவில், எந்த மணிக்கு, எந்த உயரத்தில் இருந்தது என்று இன்றைக்குக்கூட நிமிடக் கணக்கில் சொல்ல முடியும்.

லிங்கன் விஷயத்தில் அந்தச் சாட்சியைக் கூண்டில் ஏற்றிய கதை உண்மையிலேயே ஒரு கொலை வழக்கு.

1857 ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. மேசன் கவுண்டியில் தோப்பு ஒன்றில் கூடாரம் போட்டுக் கிறிஸ்தவ ஜெபக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. சற்றுத் தள்ளிச் சாராய வண்டிகள் நின்றன. (ஜெபம் நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அந்த வியாபாரமும் நடந்தது, எல்லா ஊர்த் திருவிழாவிலும் போல.) அங்கே இரவில் நடந்த அடிதடியில் மெட்ஸ்கர் என்பவருக்குத் தலையில் பலத்த அடி. அவர் குதிரையேறி வீடு போய்ச் சேர்ந்தார், சில நாளில் இறந்துபோனார். குற்றம் சாட்டப்பட்ட இருவரில் ஒருவன் டஃப் ஆம்ஸ்ட்ராங் என்ற இளைஞன். அவன் அப்பா ஜாக், இளம் வயதில் நியூ சேலம் ஊரில் லிங்கனோடு மல்யுத்தம் செய்து பிறகு நண்பரானவர். அம்மா ஹன்னா, அந்த நாளில் லிங்கனுக்குச் சோறு போட்டு, கிழிந்த சட்டையைத் தைத்துக் கொடுத்தவர். அந்தத் தாய் கேட்டதால், லிங்கன் ஒரு காசு வாங்காமல் வழக்கை எடுத்தார்.

1858 மே 7 அன்று பியர்ட்ஸ்டவுன் நீதிமன்றத்தில் விசாரணை. முக்கியச் சாட்சி சார்லஸ் ஆலன். இரவு சுமார் 11 மணிக்கு, 150 அடி தூரத்திலிருந்து, டஃப் அடித்ததைப் பார்த்தேன் என்றார். இருட்டில் எப்படித் தெரிந்தது? நிலா நன்றாக மேலே நின்று பளிச்சென்று காய்ந்துகொண்டிருந்தது என்றார். லிங்கன் அவசரப்படவில்லை. அதையே திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தார். பிறகு ஒரு பஞ்சாங்கத்தை எடுத்து நடுவர்களிடம் கொடுத்தார். சாட்சி சொன்ன மணிக்கு நிலா உயரத்தில் இல்லை, மறையும் தறுவாயில் இருந்தது என்று அதில் இருந்தது. டஃப் விடுதலையானான். பஞ்சாங்கம் மட்டுமே அவனைக் காப்பாற்றியது என்று சொன்னால் அது சினிமா. மருத்துவச் சாட்சியமும் லிங்கனின் உருக்கமான கடைசிப் பேச்சும் கூட இருந்தன.

அடுத்த மாதமே லிங்கன் செனட் வேட்பாளரானார். ஆகஸ்டில் அதே பியர்ட்ஸ்டவுனுக்கு ஓட்டுக் கேட்க வந்தார். அதற்குள் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது: ‘அன்றைக்கு நிலா காய்ந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தோமே! லிங்கன் காட்டியது வேறு வருஷத்துப் பஞ்சாங்கம், அல்லது திருத்தி அச்சடித்தது.’ வெறும் வாயை மென்றுகொண்டிருந்த எதிராளிகளுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. லிங்கன் இறந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை.

இதைப் பரப்பியவர்கள் எல்லோரும் பொய்யர்கள் என்று ஒதுக்கிவிடலாம். டெக்சாஸ் பல்கலைக்கழகம் ஒன்றில் பணியாற்றிய டொனால்ட் ஓல்சன், ரஸ்ஸல் டோஷர் ஆகிய இரு இயற்பியலாளர்கள் அப்படி ஒதுக்கவில்லை. அவர்கள் போட்ட கணக்கு 1990 ஆகஸ்ட் மாத ‘ஸ்கை அண்ட் டெலஸ்கோப்’ இதழில் வந்தது. அன்றைய நிலா வளர்பிறை தசமியை ஒட்டியது, பாதிக்கு மேல் நிறைந்தது. இரவு 7.44-க்குத் தெற்கில் தன் உச்சத்தைத் தொட்டது. 12.04-க்கு மறைந்தது. உச்சத்திலிருந்து மறைய 4 மணி 20 நிமிடம்தான்! சராசரியாக நிலா அதற்கு 6 மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். தசமி நிலா நள்ளிரவு தாண்டியும் வானில் நிற்கும் என்பது கிராமத்து ஆள் எவருக்கும் பழகிய கணக்கு. அந்தப் பழக்கத்தை வைத்துப் பார்த்தால் லிங்கன் காட்டிய பஞ்சாங்கம் தப்பாகத்தான் தோன்றும்.

நிலா ஏன் இவ்வளவு அவசரப்பட்டது? பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால் சூரியன் வானில் போகும் பாதை 23.5 டிகிரி வரை வடக்கும் தெற்குமாக ஏறி இறங்குகிறது. நிலாவின் பாதை அதிலிருந்து இன்னும் 5 டிகிரி சாய்ந்தது. இந்தச் சாய்வு ஒரே திசையில் நிலைத்து நிற்பதில்லை. மெல்லத் திரும்பி 18.6 ஆண்டுக்கு ஒருமுறை பழைய இடத்துக்கு வருகிறது. இரண்டு சாய்வும் ஒரே பக்கம் சேரும் காலத்தில் நிலா 28.5 டிகிரி வரை தெற்கே இறங்கிவிடும். எதிரெதிராக இருந்தால் 18.5 டிகிரியோடு நின்றுவிடும். 1857 அந்த உச்சக் காலத்தை ஒட்டிய ஆண்டு. போதாததற்கு ஆகஸ்ட் மாதம், வளர்பிறைத் தசமி: நிலா தன் பாதையில் தெற்குக் கோடியில் நிற்கும் வேளை. மேசன் கவுண்டி வடக்கே 40 டிகிரியில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் அன்றைய நிலா உச்சத்திலேயே அடிவானத்துக்கு மேல் 21 டிகிரிதான் ஏறியிருக்கும். 11 மணிக்குத் தென்மேற்கில் சுமார் 8 டிகிரிக்கு இறங்கிவிடும். கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அதற்குள் மறைந்துவிடும் உயரம் அது. தோப்பு மரங்களுக்குப் பின்னால் அது இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

ஆக, பஞ்சாங்கம் சரி. ஊராரும் பொய் சொல்லவில்லை. கூட்டத்துக்கு வந்தவர்கள் எட்டு மணி, ஒன்பது மணிக்கு நிலா வெளிச்சத்தில் நடமாடியிருப்பார்கள். நிலா நெஞ்சில் தங்கிற்று, மணி தங்கவில்லை. நினைவை ஆராயும் உளவியலாளர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. என்ன நடந்தது என்பதை மூளை ஒருவிதமாகப் பிடித்துவைக்கிறது. எப்போது நடந்தது என்பதைப் பெரும்பாலும் பிற்பாடு ஊகித்துத்தான் கட்டுகிறது. 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாளே, செய்தி எப்படித் தெரிந்தது என்று மாணவர்களிடம் எழுதி வாங்கினார் உளவியலாளர் உல்ரிக் நைசர். இரண்டரை ஆண்டு கழித்து அதே கேள்வியை மறுபடி கேட்டபோது பலர் இடத்தையும் ஆளையும் மாற்றிச் சொன்னார்கள், அதுவும் முழு உறுதியோடு. தங்கள் கையெழுத்தையே காட்டியும் சிலர் தங்கள் புதிய நினைவை விடவில்லை.

வானம் ஊர் நினைவுக்குப் பக்கபலமாக நின்ற இடமும் உண்டு. 1858 செப்டம்பர் 15 அன்று தென்கோடி ஊரான ஜோன்ஸ்பரோவில் லிங்கனும் டக்ளஸும் செனட் தேர்தலுக்காக ஊர் ஊராக மேடையேறி நடத்திய விவாதங்களில் மூன்றாவது நடந்தது. முதல் நாள் இரவு, லிங்கன் விடுதி வாசலில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வால்நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று உடன் பயணித்த பத்திரிகையாளர் ஹொரேஸ் வைட் பிற்காலத்தில் எழுதினார். அது அவ்வாண்டு ஜூன் 2 அன்று ஃபிளாரன்ஸில் வானியலாளர் டொனாட்டி கண்டுபிடித்தது. செப்டம்பர் நடுவில் மாலை வானின் வடமேற்கில் வெறுங்கண்ணுக்குத் தெரிந்தது. அதே மாதம் 27-ல் இங்கிலாந்தில் அதைப் படமெடுத்தார்கள். முதன்முதலில் புகைப்படத்தில் சிக்கிய வால்நட்சத்திரம் அதுதான். வளைந்த நீண்ட வாலோடு அது ஜொலித்தது அக்டோபர் தொடக்கத்தில். கேல்ஸ்பர்க் விவாதம் நடந்த அக்டோபர் 7-ம் அமாவாசையை ஒட்டிய நாள், அதனால் நிலா வெளிச்சம் அதை மங்க வைத்திருக்காது. ஆனால் ஆகஸ்ட் 21-ல் நடந்த ஒட்டாவா விவாதத்தின்போதே அந்த வாலைப் பார்த்ததாக யாராவது சொன்னால், அதை நம்ப வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் வானம் உதவாது. 1856 மே 29 அன்று ப்ளூமிங்டனில் லிங்கன் ஆற்றிய பேச்சில் சொக்கிப்போய் நிருபர்கள் குறிப்பெடுக்கவே மறந்துவிட்டார்களாம். நாற்பது ஆண்டு கழித்து, தன் குறிப்புகளை வைத்து மீட்டெடுத்ததாகச் சொல்லி ஹென்றி விட்னி என்ற வழக்கறிஞர் ஒரு வடிவத்தை வெளியிட்டார். அன்று அரங்கில் இருந்தவர்களிலேயே சிலர் அதை ஏற்கவில்லை. சொற்களுக்குப் பஞ்சாங்கம் கிடையாது.

நிலாவை நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். ஸ்டெல்லேரியம் என்ற வான மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. இடம்: வடக்கு 40 டிகிரி, மேற்கு 90 டிகிரி. நாள்: 1857 ஆகஸ்ட் 29. அமெரிக்க ரயில்கள் பொது நேரத்துக்கு மாறியது 1883-ல். அதற்கு முன் ஒவ்வோர் ஊருக்கும் தனி மணி. நல்ல வேளையாக, இன்றைய மத்திய நேரமே 90 டிகிரிக் கோட்டை வைத்து அமைந்ததுதான், அதனால் நேரத் திருத்தம் எதுவும் போட வேண்டாம். முதலில் இரவு 8 மணிக்குப் பாருங்கள், பிறகு 11 மணிக்கு. இரண்டையும் பார்த்துவிட்டு, ஆலன் சாட்சியை ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு செய்யுங்கள்.