பருத்தி நூலா, கயிறா?

மதுரையை அடுத்த ஆனையூர் முதல் திருமங்கலத்துக் கரிசல் வரை பருத்தியை அறியாத குடியானவர் இலர். மதுரையில் 1892-ல் ஹார்வி ஆலை ஏற்பட்ட காலந்தொட்டு நூற்பும் இங்குப் பழகிய தொழிலே. ஆயினும் அச்சரக்கு கப்பலேறுங்கால் அதன் பெயரைத் தீர்மானிப்போர் சுங்கத்தார்; பெயர் மாறின் தீர்வையும் மாறக்கூடும்.

1988 முதல் பல தேசங்களில் வழங்கிவரும் பொதுப் பட்டியலில் பருத்தி நூலுக்கு 52-ஆம் அத்தியாயமும், கயிறு, சரடு முதலியவற்றுக்கு 5607 என்னும் தலைப்பும் உரியன. இவற்றின் எல்லை யாதெனில், எடையே. முறுக்கிய பருத்தி இழை 100 மீட்டர் அளந்து நிறுக்க 200 கிராமுக்கு மேற்படின் கயிறு; மேற்படாவிடின், வியாபாரி யாது பெயரிட்டு விற்பினும், நூலே. நெருக்கமாகப் பின்னிய சரடோ எடை எதுவாயினும் கயிறாகவே கொள்ளப்படும். மூக்கணாங்கயிற்றையும் மூட்டை தைக்கும் சரட்டையும் வீட்டில் எவரும் நிறுத்துப் பெயரிடுவதில்லை, துறைமுகத்தில் அங்ஙனமன்று.

ஆதலின் வெளிதேசத்துக்குச் சரக்கு அனுப்பக் கருதும் உற்பத்தியாளர் சங்கத்தார், சரக்குப் பட்டியல் எழுதுமுன் ஒரு கண்டை அளந்து தராசிலிடுதல் நலம். தவறான தலைப்பினால் சரக்குத் தேங்கின் கிட்டங்கி வாடகை ஏறும். பஞ்சு விற்றவர் பணமும் அதனுடன் தேங்கும்.