சுருட்டின் மேல்சுற்று இலை: ஓர் ஓட்டை விழுந்தால் விலை போச்சு

சுருட்டு ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் மூன்று வகைப் புகையிலை இருக்கும். நடுவில் கட்டைவிரல் கனத்துக்கு இருப்பது உள்ளிலை. அதைச் சிதறாமல் பிடித்து வைப்பது கட்டு இலை. எல்லாவற்றுக்கும் மேலே, பட்டுத்துணி போலச் சுற்றியிருப்பது மேல்சுற்று இலை. எடையில் மிகக் குறைவு இந்த மேல்சுற்றுதான். ஆனால் உயர்ரகச் சுருட்டில் பவுண்டுக்குப் பவுண்டு அதிக விலை பெறுவதும் இதுவே.

காரணம் எளிது. வாங்குகிறவன் கண்ணில் படுவது மேல்சுற்று மட்டும்தான். அது மெல்லியதாக, இழுத்தால் கிழியாததாக, நரம்பு தடிக்காததாக, ஒரே நிறமாக இருக்க வேண்டும். புழு தின்ற ஓட்டை, ஆலங்கட்டி விழுந்த தழும்பு, காற்றில் உரசிய கீறல், இலைப்புள்ளி, இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த இலை மேல்சுற்றுக்கு ஆகாது. கட்டு இலையாகவோ தூளாகவோதான் போகும். நெல்லில் பத்துக் கதிர் பதரானால் பத்துக் கதிர்தான் நட்டம். இங்கே ஓர் அங்குல ஓட்டை முழு இலையின் விலையையும் கொண்டுபோய்விடும். மேல்சுற்று விவசாயத்தின் எல்லா முறைகளும் இந்த ஒரு பயத்திலிருந்து பிறந்தவை.

சுமத்ரா இலை

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகச் சந்தையை ஆண்டது சுமத்ரா தீவின் டெலி பகுதி இலை. 1863ல் அங்கே வந்திறங்கிய நீன்ஹயஸ் என்ற டச்சுக்காரர் புகையிலை பயிரிடத் தொடங்கினார். எரிமலை மண், நிறைந்த மழை, ஈரக் காற்று ஆகிய மூன்றும் சேர்ந்து காகிதம் போன்ற இலையைக் கொடுத்தன. காடு வெட்டித் திருத்திய நிலத்தில் ஒரே ஒரு போகம் புகையிலை. பிறகு ஏழெட்டு ஆண்டு நிலத்தைப் புதர் மண்ட விட்டுவிடுவார்கள். தொடர்ந்து வைத்தால் வாடல் நோய் தாக்கும் என்பது அனுபவத்தில் தெரிந்திருந்தது.

இந்தத் தோட்டங்களில் தமிழர் உழைப்பும் கலந்திருக்கிறது. புகையிலைச் செடியைப் பெரும்பாலும் சீனத் தொழிலாளிகள் கவனித்தார்கள். சாலை போடவும், வாய்க்கால் வெட்டவும், மாட்டு வண்டி ஓட்டவும் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். மேடான் நகரில் 1884ல் எழுந்த மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. டச்சுக் கம்பெனிகள் 1950களின் இறுதியில் நாட்டுடைமை ஆயின. பழைய புகையிலை நிலத்தில் பெரும்பகுதி இன்று கரும்பும் எண்ணெய்ப் பனையுமாக மாறிவிட்டது.

துணிப் பந்தலுக்குள் பயிர்

சுமத்ரா இலை அமெரிக்காவில் இறங்கியதும் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கு விவசாயிகளின் பாடு திண்டாட்டமானது. அவர்கள் இலை அதைவிடத் தடிப்பு. சுமத்ரா விதையை அங்கே வெறும் வெயிலில் வைத்தாலும் அந்த மென்மை வரவில்லை. மேகமூட்டமும் ஈரக் காற்றும் அல்லவா வேண்டும்? எனவே 1900ல் வின்ட்சர் ஊர்ப் பக்கம் கம்பம் நட்டு, கம்பி இழுத்து, வயல் முழுவதையும் மெல்லிய துணியால் மூடிப் பார்த்தார்கள். பந்தலுக்குள் வெயில் தணிந்தது, ஈரம் தங்கியது, காற்று அடங்கியது. செடி ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்து மெல்லிய, அகன்ற இலை விட்டது. "கனெக்டிகட் நிழல் இலை" என்று இன்றும் சொல்வது இதைத்தான்.

இதற்கு ஆள்கூலி கொஞ்சமல்ல. செடி சாயாமல் ஒவ்வொன்றையும் நூலால் மேல் கம்பியில் கட்ட வேண்டும். அடியிலையிலிருந்து தொடங்கி, ஒரு தடவைக்கு இரண்டு மூன்று இலை வீதம் வாரக்கணக்கில் பறிக்க வேண்டும். பறித்த இலையை நசுங்காமல் எடுத்துப்போய், நூலில் கோத்து, உயரமான மரக் கொட்டகைகளில் தொங்கவிட்டு, இதமான சூட்டில் ஆறப்போட வேண்டும். ஜமைக்காவிலிருந்தும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்; கோடை விடுமுறையில் மாணவர்களும் வந்தார்கள். 1944ல் சிம்ஸ்பரி ஊர்ப் புகையிலை வயலில் அப்படி வேலை செய்த மாணவர்களில் ஒருவர், பிற்காலத்தில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்.

அதே பள்ளத்தாக்கில் பந்தல் போட வசதியில்லாதவர்கள் வைப்பது அகல இலை ரகம். இது திறந்த வெயிலில் வளரும். கொழுந்து கிள்ளி, பக்கச் சிம்புகளை ஒடித்து, செடியைத் தண்டோடு அறுத்து, ஒரு குச்சிக்கு ஐந்தாறு செடியாகக் குத்தித் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். இலை தடிப்பு, பிசின் அதிகம், பார்க்க முரடு. ஆனால் கறுப்புச் சுருட்டுக்கு இதை மிஞ்ச ஒன்றும் இல்லை.

கறுப்பும் பச்சையும்

"மதுரோ" என்று சுருட்டுப் பெட்டிகளில் அச்சடித்திருப்பதற்கும் மதுரைக்கும் சம்பந்தம் இல்லை. ஸ்பானிய மொழியில் "பழுத்தது" என்று பொருள். அது தனி விதை ரகமும் அல்ல, பதப்படுத்தும் முறை. ஆறிய இலையை ஈரப்பதத்தோடு அம்பாரமாக அடுக்கினால், வைக்கோல் போரில் ஈரம் பட்டதுபோல உள்ளே சூடு ஏறும். சூடு அளவு கடக்கும்போது பிரித்து, உள்ளிருப்பதை வெளியிலும் வெளியிலிருப்பதை உள்ளுமாக மாற்றி அடுக்குவார்கள். இதை நீண்ட நாள், கூடுதல் சூட்டில் செய்தால் இலை கருத்து, காரம் தணிந்து இனிப்பு மணம் வரும். நிழல் இலை இந்தச் சூட்டுக்குத் தாங்காது, கிழிந்துவிடும்; தடித்த அகல இலையும் மெக்சிகோவின் சான் ஆந்திரேஸ் இலையும் தாங்கும். மெலிந்த இலை, பருத்த இலை என்று வைத்து ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்துவது சரியல்ல என்பது இதில் விளங்கும்.

இதற்கு நேர் எதிர் "கண்டேலா". பறித்த இலையைச் சில நாட்களிலேயே நல்ல சூடு கொடுத்து உலர்த்திவிட்டால் பச்சை நிறம் அப்படியே நின்றுவிடும். ஒரு காலத்தில் அமெரிக்கர்கள் இதை விரும்பி வாங்கினார்கள். இப்போது கேட்பவர் குறைவு.

கியூபா கற்ற பாடம்

கியூபாவில் மேல்சுற்றுக்குப் பேர்போனது மேற்குக் கோடியிலுள்ள வுவெல்டா அபாஹோ வட்டாரம். அங்கும் மேல்சுற்றுப் பயிர் துணிப் பந்தலில்தான். உள்ளிலைப் பயிர் வெயிலில். எல் கொரோஹோ என்ற பண்ணையில் தேர்ந்தெடுத்த "கொரோஹோ" ரகம் பல பத்தாண்டுகள் கியூபாச் சுருட்டின் மேல் போர்வையாக இருந்தது. ருசி, நிறம் எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் நீலப் பூஞ்சாணத்துக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை. 1979-80 பருவத்தில் அந்த நோய் புகுந்து கியூபாவின் புகையிலையில் பெரும்பகுதியை அழித்தது. 1990களின் இறுதிக்குள் அசல் கொரோஹோவைக் கைவிட்டு நோய் தாங்கும் ரகங்களுக்கு மாறினார்கள். ஒரே ரகத்தை நம்பி நாடே உட்கார்ந்திருந்ததற்குக் கொடுத்த விலை அது.

விதை ஊர்விட்டு ஊர் போவது இத்தொழிலில் சகஜம். சுமத்ரா விதை ஆப்பிரிக்காவின் கேமரூனுக்குப் போய், அங்கே சிறு துண்டு நிலங்களில் கிராமத்து விவசாயிகள் கையில் தனி மணமுள்ள இலையானது. கனெக்டிகட் விதை ஈக்வடாருக்குப் போனது. அங்கே மலையடிவாரத்தில் மேகமே நாளெல்லாம் பந்தல் போட்டு நிற்கிறது. துணியும் கம்பமும் மிச்சம், கூலியும் குறைவு. விளைவு, கனெக்டிகட்டில் நிழல் இலைப் பந்தல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. எஞ்சிய விவசாயிகளில் பலர் அகல இலைக்குத் திரும்பிவிட்டார்கள்.

திண்டுக்கல்லில் ஏன் விளையவில்லை?

திருச்சிச் சுருட்டு ஒரு காலத்தில் லண்டன் வரை பேர் பெற்றது. 1887ல் வெளியான முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையிலேயே அதன் சாம்பல் துப்பாக வருகிறது. உறையூரில் சுருட்டுச் சுற்றினார்கள். திண்டுக்கல் வட்டாரத்தில் ஊசிக்கப்பல், கருங்கப்பல் போன்ற ரகங்கள் விளைந்தன. 1948ல் வேடசந்தூரில் சுருட்டுப் புகையிலைக்கென்று ஆராய்ச்சி நிலையமே ஏற்பட்டது. ஆயினும் இங்கே விளைந்தது பெரிதும் உள்ளிலைக்கும் மெல்லுவதற்கும் ஏற்ற இலை. வறண்ட காற்றும் சுள்ளென்ற வெயிலும் இலையைத் தடிக்கவும் பிசின் ஏறவும் செய்யும். அந்தக் காரமே இதன் பெருமை. அதுவே மேல்சுற்றுக்குக் குறை. இந்தியாவில் மேல்சுற்று இலைக்கு ஆராய்ச்சி நடந்த இடம், ஈரமும் மேகமும் உள்ள வங்காளத்து தின்ஹட்டா.

ஆகவே "வெளிநாட்டு மேல்சுற்று விதை, ஏக்கருக்கு இத்தனை லட்சம்" என்று யாராவது வந்தால் விவசாயிகள் மூன்று கேள்வி கேட்க வேண்டும். பந்தலுக்கும் கொட்டகைக்கும் முதல் யார் போடுவது? தரம் பிரிப்பது யார், யார் முன்னிலையில்? ஓட்டை விழுந்த இலையை என்ன விலைக்கு எடுப்பார்கள்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால் கையெழுத்துப் போட வேண்டாம்.

எந்தப் புகையிலையானாலும் பனியிலோ மழையிலோ நனைந்த இலையை வெறுங்கையால் பறிப்பது ஆபத்து. நிக்கோடின் தோல் வழியாக உடம்பில் ஏறி வாந்தி, தலைசுற்றல், பலவீனம் வரும். இலை உலர்ந்த பிறகு, கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிந்து பறிக்க வேண்டும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் இந்த வேலையில் சேர்க்கவே கூடாது.