கில்லீனீன் விழா

அயர்லாந்து நாட்டின் மேற்குப் பகுதியிலுள்ள கால்வே மாவட்டத்தில் கில்லீனீன் என்னும் சிற்றூர் ஒன்று உண்டு. 1902ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள் அவ்வூரிலே ஒரு கலைவிழா நடைபெற்றது. ஊர்மக்கள் இசையிலும் ஆடலிலும் கதை சொல்லுதலிலும் போட்டியிட்டுப் பரிசு பெறும் இத்தகைய விழாவை ஐரிஷ் மொழியில் ‘ஃபெஷ்’ என்பர். அதனைக் காண வந்தோருள் வில்லியம் பட்லர் யேட்சு என்னும் கவிஞரும் ஒருவர். 1923இல் நோபல் பரிசு பெற்ற பெரும்புலவர் அவரே. ஆயினும், விழாவில் ஒலித்த தம் நாட்டுத் தொன்மொழியில் அவருக்குப் புலமை இல்லை. அவர் பாடியன யாவும் ஆங்கிலப் பாடல்களே.

இந்நிலை எவ்வாறு நேர்ந்தது? 1831இல் அரசு ஏற்படுத்திய பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழியாயிற்று. பல ஊர்களில் சிறுவர் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டித் தொங்கவிடுவர். அவர்கள் தாய்மொழியிற் பேசுந்தோறும் அதில் ஒரு வெட்டு விழும். பின்னர் வெட்டுக்களை எண்ணி ஆசிரியர் அடிப்பார். பெற்றோரும் இதற்கு உடன்பட்டிருந்தனர் என்பதை எண்ணுங்கால் நெஞ்சம் வருந்துகின்றது. பிழைப்புக்கு ஆங்கிலம் வேண்டும் என அவ்வேழைகள் கருதினர் போலும். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்க, கொடும்பஞ்சம் பரவிற்று. ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அத்தனை பேர் கடல் கடந்து சென்றனர். 1851இல் பதினைந்து இலட்சமாக இருந்த ஐரிஷ் மொழியாளர் தொகை, 1901இல் ஆறரை இலட்சத்திற்கும் கீழே இறங்கிற்று.

விழாவுக்குக் கில்லீனீனைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ராஃப்டரி என்னும் நாடோடிப் பாவலரின் உடல் அவ்வூரில் அடக்கம் செய்யப்பெற்றது. இளமையிலேயே அம்மை நோயாற் கண்ணிழந்த அவர், பிடில் வாசித்துப் பாடி ஊர் ஊராய்த் திரிந்து 1835இல் மறைந்தார். எழுத்தறியாத அவர்தம் பாடல்கள் மக்கள் நாவிலே வாழ்ந்தன. கார்ட் நகரத்து ஏழையர் விடுதியில் இரு மூதாட்டியர், ராஃப்டரி பெரியரா, காலினன் என்னும் மற்றொரு பாவலர் பெரியரா என்று வழக்கிட்டதை அகஸ்டா கிரிகரி என்னும் சீமாட்டியார் கேட்டார். உண்ண உணவுக்குப் பிறர் கையை எதிர்நோக்கியிருந்தோர் பாட்டின் தரம் குறித்துப் போராடிய அக்காட்சி எத்துணை வியப்புடையது! ராஃப்டரியின் அடக்கவிடத்தில் 1900ஆம் ஆண்டில் ஐரிஷ் எழுத்திற் பெயர் பொறித்த கல்லொன்று நிறுவப்பெற்றது. கிரிகரியாரும் யேட்சும் எட்வர்டு மார்ட்டின் என்பவரும் அதற்கு முன்னின்றனர்.

1902ஆம் ஆண்டு விழாவுக்கு டக்ளஸ் ஹைடு என்னும் அறிஞரும் வந்திருந்தார். சமயகுருவின் மகனாகிய அவர், தம் ஊரைச் சூழ்ந்து வாழ்ந்த முதியோரிடம் இளமையிலே ஐரிஷ் மொழியைக் கற்றவர். 1893இல் அம்மொழியைக் காக்கக் கேலிக் கழகத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். யேட்சுக்கு வாய்க்காத மொழியை அவர் தாய்மொழியெனவே வழங்கினார். நியூயார்க்கிலிருந்து ஜான் குவின் என்னும் வழக்கறிஞரும் வந்திருந்தார். பள்ளியில் பேசினால் அடி வாங்கித் தந்த அதே மொழியில் உழவர் மக்கள் பாட, கடல் கடந்து வந்தவரும் கற்றுத் தேர்ந்தவரும் அமர்ந்து கேட்டனர்.

மறு ஆண்டில் ஹைடு, முதியோர் வாய்மொழியினின்றும் கையெழுத்துப் படிகளினின்றும் திரட்டிய ராஃப்டரியின் பாடல்களை நூலாக வெளியிட்டார். அவ்வாண்டே கிரிகரியாரும் அப்பாவலரைப் பற்றிய கட்டுரையைத் தம் நூலொன்றிற் சேர்த்தார். விடுதி மூதாட்டியர் இருவரின் வழக்கோடுதான் அக்கட்டுரை தொடங்குகின்றது.