கண்ணாடிக்குள் நடக்காத ஒன்று

சுழலும் பம்பரத்தைக் கண்ணாடியில் பார்த்தால் அது எதிர்த்திசையில் சுற்றுகிறது. அதில் வியப்பொன்றுமில்லை, வேண்டுமானால் நாமே ஒரு பம்பரத்தை அப்படிச் சுற்றிவிடலாம். பிம்பத்தில் தெரிவதெல்லாம் நிஜத்திலும் நடக்கக்கூடியவையே, இயற்கை விதிகளுக்கு இடம் வலம் என்ற பாகுபாடு கிடையாது என்பதைத்தான் இயற்பியலில் பாரிட்டி மாறாமை என்கிறார்கள். மின்காந்த விசையும் அணுக்கருவைக் கட்டிவைத்திருக்கும் வலுவிசையும் இதற்குக் கட்டுப்பட்டவை. கதிரியக்கத்தில் பீட்டா சிதைவுக்குக் காரணமான வலுக்குறை விசையும் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

1950களில் ஒரு சிக்கல் முளைத்தது. டௌ, தீட்டா என்று இரண்டு துகள்கள். நிறையிலும் ஆயுளிலும் வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் ஒன்று மூன்று பை-மேசான்களாகச் சிதைந்தது, மற்றது இரண்டாக. பாரிட்டி மாறாது என்றால் இவை ஒரே துகளாக இருக்கமுடியாது. 1956-ல் லீ, யாங் என்ற இரண்டு சீன-அமெரிக்க இயற்பியலாளர்கள் பழைய சோதனைகளையெல்லாம் அலசிப் பார்த்தார்கள். பீட்டா சிதைவில் அதுவரை செய்த சோதனைகளில் ஒன்றுகூட இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியதாக இல்லை!

மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஆயிரம் சோதனைகளில் தேறிய நிரலாக இருக்கலாம். அந்த ஆயிரமும் ஒரு குறிப்பிட்ட வரியைத் தொடவேயில்லை என்றால் அந்த வரியைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது.

சோதனையில் இறங்கியவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சியென்-ஷியுங் வூ. அவர் எடுத்துக்கொண்டது கோபால்ட்-60. இதன் அணுக்கரு ஒரு சின்னப் பம்பரம். சிதையும்போது ஓர் எலெக்ட்ரானை வெளியே தள்ளும். பம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடியை நிமிர்த்தி வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பிம்பத்தில் சுழற்சி தலைகீழாகும். ஆனால் கீழ்நோக்கிப் போகும் எலெக்ட்ரான் கீழ்நோக்கியேதான் போகும். ஆகவே நிஜமும் பிம்பமும் சமம் என்றால், பம்பரம் எப்படிச் சுற்றினாலும் மேலேயும் கீழேயும் ஒரே அளவு எலெக்ட்ரான்கள் வரவேண்டும்.

சொல்வது சுலபம். சாதாரண வெப்பநிலையில் அணுக்கருக்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். அவற்றை ஒரே திசையில் நிறுத்தக் காந்தப்புலம் மட்டும் போதாது. தனிச்சுழிக்கு மேல் ஏறக்குறைய நூறில் ஒரு டிகிரி வரை குளிர்விக்கவேண்டும். அந்த வசதி வாஷிங்டனில் தேசியத் தரநிர்ணய நிலையத்தில் எர்னஸ்ட் ஆம்ப்ளர் குழுவிடம் இருந்தது. சீரியம் மக்னீசியம் நைட்ரேட் படிகத்தின் மேல் மெல்லிய கோபால்ட் அடுக்கு, அதற்கு 2 சென்டிமீட்டர் மேலே எலெக்ட்ரான்களை எண்ண ஓர் ஆந்த்ரசீன் படிகம். அணுக்கருக்கள் உண்மையிலேயே வரிசையில் நிற்கின்றனவா என்பதைக் காமாக் கதிர்கள் காட்டிக்கொடுத்தன. வரிசையில் நின்றால் அவை எல்லாத் திசையிலும் சமமாக வெளிவருவதில்லை.

காந்தப்புலத்தைத் திருப்பியபோது எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை மாறியது. சுழலும் திசையில் வலக்கை விரல்களை மடக்கினால் கட்டைவிரல் காட்டும் பக்கத்துக்கு நேரெதிராகவே பெரும்பாலானவை வெளியேறின. இது காந்தத்தின் வேலையாக இருக்கக்கூடாதா? இல்லை. காந்தப்புலம் அப்படியே இருக்க, படிகம் சில நிமிடங்களில் சூடேறியதும் காமாக் கதிர்களின் ஏற்றத்தாழ்வும் எலெக்ட்ரான்களின் ஏற்றத்தாழ்வும் சேர்ந்தே மறைந்தன. என்னைப் பொறுத்தவரை சோதனையின் உயிர்நாடி இந்த இரண்டு வளைகோடுகள்தான்.

செய்தி கசிந்ததும் கொலம்பியாவிலேயே கார்வின், லெடர்மன், வைன்ரிச் மூவரும் 1957 ஜனவரியில் சில நாட்களுக்குள் மியூவான் சிதைவிலும் இதே இடவல பேதத்தைக் கண்டுவிட்டார்கள். இரண்டு கட்டுரைகளும் பிப்ரவரி 15 தேதியிட்ட 'பிசிகல் ரிவ்யூ' இதழில் வந்தன. பாரிட்டி உடையாது என்று பந்தயம் கட்டத் தயாராக இருந்த பௌலி, நல்லவேளை, கட்டவில்லை.

அதே ஆண்டு லீக்கும் யாங்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வூவுக்கு இல்லை. கேள்வி கேட்டவர்களுக்குப் பரிசு கொடுத்தது சரி, பதிலைக் கறந்தவரை விட்டது எந்த நியாயம் என்று எனக்குப் புரிந்ததில்லை. 1978-ல் இயற்பியலுக்கான முதல் வுல்ஃப் பரிசு அவருக்கு வந்தது.

டௌவும் தீட்டாவும் ஒரே துகள்தான். இன்று அதன் பெயர் கே-மேசான். துகளை எதிர்த்துகளாகவும் மாற்றிக் கண்ணாடியில் பார்த்தால் சமச்சீர் மீண்டுவிடும் என்று சில ஆண்டுகள் ஆறுதல் கொண்டிருந்தார்கள். 1964-ல் க்ரோனினும் ஃபிட்சும் அதையும் உடைத்தார்கள், மின்சுமையற்ற கே-மேசான்களை வைத்தே.