களிமண் காத்த அரசன் பெயர்

எருசலேமில் 2009-இல் தொல்லியலாளர்கள் தோண்டிய மண்ணைத் தண்ணீர் விட்டுச் சலித்தபோது, விரல் நகம் அளவுக்கு ஒரு களிமண் வில்லை அகப்பட்டது. அதில் பதிந்திருந்த முத்திரையின் அகலம் 1 செ.மீ. கூட இல்லை. அந்த எழுத்துகள் படிக்கப்பட்டு 2015-இல் உலகத்துக்கே தெரிந்தது: "யூதாவின் அரசன் ஆகாஸின் மகன் எசேக்கியாவுக்கு உரியது". பைபிளில் வரும் அதே எசேக்கியாதான். சுமார் 2,700 ஆண்டுகளுக்கு முன் ஆட்சி செய்தவர்.

முத்திரை எதற்கு? அந்தக் காலத்தில் பாப்பிரஸ் தாளில் கடிதம் எழுதிச் சுருட்டி நூலால் கட்டுவார்கள். முடிச்சின் மேல் ஈரக் களிமண்ணை அப்பி முத்திரையை அழுத்துவார்கள். யாராவது திருட்டுத்தனமாகப் பிரித்தால் களிமண் உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். கெட்டிக்கார ஏற்பாடு! பாப்பிரஸ் மக்கி மண்ணாகிவிட்டது. ஆனால் வில்லையின் பின்பக்கத்தைப் பாருங்கள், கட்டிய நூலின் தடம்கூட அப்படியே இருக்கிறது.

முன்பக்கத்தில் சிறகு விரித்த சூரியன். அருகே எபிரேய எழுத்தில் பெயர்: ஹ், ஸ், க், ய், ஹ், வ். ஆறே மெய்கள்! எபிரேயர்கள் அப்போது பெரும்பாலும் மெய்களை மட்டுமே எழுதினார்கள். முதல் மூன்றும் சேர்ந்தால் 'வலிமை' என்ற பொருள் தரும் வேர்ச்சொல். மற்ற மூன்றும் 'யாஹு', அதாவது யாவே என்னும் கடவுள் பெயரின் சுருக்கம். ஆக, 'யாவே வலிமை தருகிறார்' என்பது பெயரின் பொருள். ஏசாயா, எரேமியா என்ற பெயர்களின் கடைசியில் வரும் 'யா'வும் இதுவே.

சரி, மெய்கள் மட்டும் இருந்தால், எசேக்கியாவை எப்படிக் கூப்பிட்டிருப்பார்கள் என்று எப்படித் தெரியும்? இங்கே உதவிக்கு வருபவர் அவருடைய எதிரி! கி.மு. 701-இல் அசீரிய மன்னன் சனகெரிப் யூதா மீது படையெடுத்தான். அந்தப் பெருமையை ஆறு பக்கக் களிமண் பட்டகத்தில் ஆப்பெழுத்தில் பொறித்தும் வைத்தான். ஆப்பெழுத்தில் உயிரோசையும் சேர்ந்தே வரும். அதில் எசேக்கியாவின் பெயர் 'ஹஸகியாவு' என்று இருக்கிறது. எபிரேய வேதத்துக்கு உயிர்க்குறிகள் இட்டவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கழித்து வந்தவர்கள். அவர்கள் குறித்த உச்சரிப்பு 'ஹிஸ்கியாஹு'. காலத்தால் அரசனுக்கு நெருங்கிய சாட்சி எதிரியின் பட்டகம்தான்.

நீங்களும் சோதித்துப் பாருங்கள். 'க்ம்ல்' என்று எழுதி நண்பரிடம் நீட்டுங்கள். கமலா, கமல், கமலி என்று அவர் திணறட்டும். அடுத்து உங்கள் பெயரை எழுதிக் கொடுங்கள்!