நீர்மேற் பாதை

“பாதை நடுவாவியிற் பழுதுற்று நின்றமையாற் பிந்தினேன்” என்று படுவான்கரை மாணவனொருவன் எழுதியிருந்தான். பொருட்குற்றமெனச் சிவப்பு மையால் அடித்துவிட்டேன். பாதை நிற்குமா?

பின்னர் ஒரு சனிக்கிழமை, மட்டக்களப்பு வாவியிலே குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூர் நோக்கித் தோணியேறினோம். சிறிது தூரம் சென்றதும் தோணிக்காரர் கோலை ஊன்றி நிறுத்தி, “பொறுங்க ஐயா, பாதை வருகுது” என்றார். மிதிவண்டிகளையும் மாந்தரையும் சுமந்த அகன்ற மிதவையொன்று எம்மைக் கடந்து சென்றது. அதுவே பாதை! அம்பி, புணை, திமில் என நிகண்டு கூறும் பெயர்களெல்லாம் எனக்கு மனப்பாடம், இது தெரியாது.

சின்னக் கதிர்காமம் எனப்படும் மண்டூர்க் கந்தன் கோயிலில், வாய்கட்டிப் பூசை செய்வோர்முன் நெடுநேரம் பேசாது நின்றேன்.

திங்களன்று அம்மாணவனை விசாரித்தேன். அவன் கல்லூரியை விட்டு நீங்கி ஈராண்டாகியிருந்தது.